நான் ஓடிப்போனதற்கு நீதான் சாட்சி

மண்ணூர்
11.8.2004

என் மேல் இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சம் வைத்திருக்கும் அன்பு மச்சான் தசரதனுக்கு, உன் அக்காள் புருஷன் கோதண்டம் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. வாலாஜாபாத்தில் நீயும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கேயும் சௌக்கியம் என்று எழுதினால் நீ வராமல் இருந்துவிடுவாய் என்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். விஷயம் இதுதான். வருகிற திங்கட்கிழமை நீ லீவு போட்டுவிட்டுத் தாலுகா ஆபீசுக்கு வர வேண்டும். வந்து, உன் மாமா கோதண்டம் உன் அக்காளை நட்டாற்றில் விட்டுவிட்டு வேறு ஒருத்தியோடு படப்பைப் பக்கம் ஓடிவிட்டான், ஆள் இருக்கிற இடமே தெரியவில்லை என்று அதிகாரி முன்னால் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். பதறாதே. நான் இங்கேதான் இருக்கிறேன். அக்காளுக்குக் கஞ்சி வைத்துவிட்டு, அது கொதிக்கிற நேரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அக்காளுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்ததிலிருந்து ஊனமுற்றோர் உதவித்தொகை மணியார்டரில் வந்துகொண்டிருந்தது உனக்குத் தெரியும். வந்த சூட்டோடு அது மீனம்மாள் கைக்குப் போய்விடும். நான் ஒரகடத்தில் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நிற்கிற நேரத்தில் உன் அக்காளைப் புரட்டிப் படுக்க வைத்து, ஊட்டி, துணி மாற்றிவிடுகிறவள் அவள்தான். இப்போது விதியை மாற்றிவிட்டார்களாம். கை கால் விழுந்தால் மட்டும் போதாதாம், சம்பாதித்துப் பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கக் கூடாதாம். நான் வேலைக்குப் போனால் உதவித்தொகை கிடையாது. உதவித்தொகை இல்லாவிட்டால் மீனம்மாள் கிடையாது. மீனம்மாள் இல்லாவிட்டால் நான் வேலைக்குப் போக முடியாது. போகாவிட்டால் உதவித்தொகை கிடைக்கும், ஆனால் சோறு கிடைக்காது. இதை யோசித்து எழுதியவர் வீட்டில் எல்லோரும் நல்ல நடமாட்டத்தோடு இருக்கிறார்கள் போலிருக்கிறது.

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கிற சபாபதியிடம் போய் அழுதேன். அவன் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு, "இதுக்கு இன்னாத்துக்குப்பா கலங்குற? புருசன் கைவுட்ட கேஸுன்னு போட்டுட்டாப் போச்சு. விசாரணைக்கு வர்ற அன்னிக்கு மட்டும் நீ வூட்டாண்டயே இருக்கக் கூடாது" என்றான். சரியென்று என் யூனிஃபார்ம், விசில், டார்ச் லைட்டு, செருப்பு, ஷேவிங் செட்டு எல்லாவற்றையும் பக்கத்து ரூமில் வாடகைக்கு இருக்கிற இசக்கிபாண்டியிடம் கொண்டுபோய்க் குவித்தேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், பார்ட்ஸ் கம்பெனியில் லைனில் நிற்கிறான். கல்யாணப் போட்டோவையும் கழற்றிக்கொண்டு போனதும், "அண்ணாச்சி, ஓடிப்போறவன் பொண்டாட்டிக்கு ஒரு படத்தையாவது விட்டுட்டுப் போவாம்லா?" என்று கேட்டான். இந்த வயதில் ஓடிப்போவது எப்படி என்று ஒரு பிரம்மச்சாரியிடம் பாடம் கேட்க வேண்டியதாகிவிட்டது.

பிறகு உன் அக்காளுக்குப் பாடம். அவளுக்கு இப்போது எதையும் திரும்பத் திரும்பச் சொன்னால்தான் மண்டையில் ஏறுகிறது, ஏறிவிட்டால் லேசில் இறங்குவதில்லை. "யாரு பாத்துக்கறாங்கன்னு கேட்டா, யாரும் இல்ல, வூட்டுக்காரரு வுட்டுட்டுப் பூட்டாருன்னு சொல்லு" என்றேன். "அத்த நான் சொல்ல மாட்டேன், நாக்கு அழுகிப்பூடும்" என்று சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யாரும் இல்லை என்று மட்டுமாவது சொல்லச் சொல்லிக் கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்தேன்.

விசாரணைக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதுதான் ஆர்.ஐ. அம்மா, வந்தார். நான் இசக்கிபாண்டியின் ஜன்னலில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். "யாரும்மா உங்களப் பாத்துக்கறாங்க?" என்று அவர் கேட்க, "யாரும் இல்லீங்க" என்றாள் உன் அக்காள். குலதெய்வத்துக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டேன். அப்போது அந்த அம்மா, "தலை யாரும்மா பின்னிவிட்டது?" என்றார். அங்கேதான் மச்சான் நான் விழுந்தேன். அன்றைக்குக் காலையிலும் வழக்கம்போல எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்து, பின்னி, குங்குமம் வைத்து, அதிகாரி வருகிறாரே என்று ஒரு முழம் கனகாம்பரம் வேறு வாங்கிச் சூட்டிவிட்டிருந்தேன். செருப்பை ஒளிக்கத் தோன்றிய எனக்கு இது தோன்றவில்லை. நான் பல் விளக்குவது மாதிரி அதுவும் ஒன்று. உன் அக்காளுக்கோ பெருமை தாங்கவில்லை. "அவருதான். எங்கம்மாகூட இவ்ளோ நல்லாப் பின்ன மாட்டா" என்றாள். ஆர்.ஐ. அம்மா எழுதி முடித்துவிட்டுச் சத்தமாக, "பக்கத்து ரூம்ல நிக்கிற ஐயாவும் வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்றார். போய்ப் போட்டேன்.

மணியார்டர் நின்றுவிட்டது. மீனம்மாள் கொஞ்ச நாள் சும்மா வந்தாள், பிறகு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கும் வயிறு இருக்கிறது. இப்போது நான் உன் அக்காளை உள்ளே வைத்துக் கதவை வெளியே பூட்டிவிட்டு ஷிப்டுக்குப் போகிறேன். நேற்று திரும்பி வந்தபோது தண்ணீர் டம்ளர் அவள் கைக்கு எட்டாத தூரத்தில் உருண்டு கிடந்தது. எப்போது விழுந்தது என்று கேட்டேன். "நீங்க போன ஒடனே" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அவள் மேல் கோபப்பட்டுச் சமாளித்துவிட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன். திங்கட்கிழமை மேல்முறையீடு. அந்தக் கையெழுத்தைப் போட்ட பிறகுதான் நான் ஓடிப்போனதாகக் கணக்கு. பெண் வீட்டார் சாட்சி சொன்னால் எடுபடும் என்கிறான் சபாபதி. உன் அக்காளை ஷேர் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு இசக்கிபாண்டி வருவான். நான் வர முடியாது, ஓடிப்போய்விட்டேன் அல்லவா. இந்த முறை தப்பு நடக்காது. ஆர்.ஐ. அம்மா வந்துபோன நாளிலிருந்து நான் அவள் தலையைத் தொடவில்லை. சடை பிடித்துவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் சபாபதி அதுதான் முதல் சாட்சி என்கிறான். பாடமும் காலையும் ராத்திரியும் விடாமல் நடக்கிறது. டம்ளர் விழுந்ததிலிருந்து அவளும் அடம்பிடிக்காமல் திருப்பிச் சொல்கிறாள். நீ அதிகாரி முன்னால் என்னை நாலு வார்த்தை திட்டவும் செய்யலாம். உன் கல்யாணத்தில் நான் பந்தியை விட்டு எழுந்து போன கோபத்தை இங்கே தீர்த்துக்கொள். நான் வருத்தப்பட மாட்டேன்.

உன் மனைவிக்கு என் விசாரிப்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, எந்த ஆபீஸ் வாசலிலும் நிற்காமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
ஓடிப்போகாத உன் மாமா
கோதண்டம்

பின்குறிப்பு: ஸ்டாம்பு இல்லாததால் இந்தக் கடிதம் இரண்டு நாள் இங்கேயே கிடந்தது. இன்று காலை மனசு கேட்காமல், என்ன ஆனாலும் ஆகட்டும் என்று எண்ணெயும் சீப்புமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தலையை இழுத்துக்கொண்டாள். நல்ல கையால் என் கையைத் தள்ளிவிட்டு, "யாருங்க நீங்க? எங்க வூட்டுக்காரரு என்னை வுட்டுட்டுப் பூட்டாரு" என்றாள். ஒரு வார்த்தை குழறவில்லை. "சபாஷ், திங்கக்கெழமையும் இப்படியே சொல்லு" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அழுதாள். நான்தான் அது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன், மத்தியானம் வரைக்கும் அழுதுகொண்டேதான் இருந்தாள். மச்சான், நீ தாலுகா ஆபீசுக்கு வர வேண்டாம். இந்தக் கடிதம் கிடைத்ததும் நேரே வீட்டுக்கு வா. வந்து, மாமா எங்கேயும் போகவில்லை என்று உன் அக்காளிடம் சொல்லு. நீ சொன்னால் நம்புவாள்.