ராகு காலத்தில் மாட்டிய எச்.டி. பாக்ஸ்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொருளைப் பார்த்தால் சில பேருக்குக் கை அரிக்கும். எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். எங்கள் காவாந்தண்டலம் வீட்டில் நான் "இதைக் கொஞ்சம் சரி பண்றேன்" என்று வாயைத் திறந்தால், அம்மா முதலில் அந்தப் பொருளை எடுத்து ஒளித்துவைப்பாள். டிவியை மட்டும் அவளால் ஒளித்துவைக்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு என் தங்கை தேவி முதன்முதலாக டிவியில் கபடி ஆடப்போகிறாள். தெருவிலேயே பெரிய டிவி எங்களுடையது என்பதால் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. ஆனால் எங்கள் கவலை தெருவைப் பற்றியதல்ல, நைனாவைப் பற்றியது. (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.) பெண் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் ஆடுகிறாளே என்று கோபித்து, அவளிடம் பேச்சையே நிறுத்திவிட்டவர். ஒரு மேட்சுக்கும் போனதில்லை. அம்மா அழுது கெஞ்சி, "சரி, ஒரே ஒரு வாட்டி பாக்கறேன்" என்று சொல்ல வைத்திருந்தாள். கோபித்துக்கொண்டு எழுந்தால் மறுபடி உட்காருகிற ஆள் இல்லை அவர்.

அந்த ஒரு தடவையாவது படம் பளிச்சென்று இருக்கவேண்டாமா? டிவிதான் பெரியது, பாக்ஸ் பழசு. படத்தில் வருகிறவர்கள் எல்லோரும் பல்வலியில் கன்னம் வீங்கியவர்களைப் போலத் தெரிந்தார்கள். பழைய பாக்ஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, உத்திரமேரூர் பஜாரில் டிஷ் கடை வைத்திருக்கும் பாயிடம் போய் நின்றேன்.

"டிஷ்ஷை மாத்த வேணாம் தம்பி, மாடிலேர்ந்து வர்ற ஒயரும் அதேதான். எச்.டி. பாக்ஸு, அதுலேர்ந்து டிவிக்கு ஒரு புது கேபிளு, அவ்ளோதான். ஆனா சிக்னல் ஏற நேரம் புடிக்கும். மேட்ச் கீதுன்ற, நாளைக்கு மாட்டிக்கயேன்."

"நாளைக்கா? இன்னா பாய் நீங்க!" என்று சிரித்தேன். (அந்தச் சிரித்த வாயிலேயே நாலு போட்டிருக்கவேண்டும்.) பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொண்டு வண்டியை விரட்டினேன்.

வீடு வந்து சேர்ந்தபோது நாலரை. நைனா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா முதற்கொண்டு தெருவே தரையில் உட்கார்ந்திருந்தது. பாக்ஸை மாட்டிவிட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"சிக்னல் அனுப்பிட்டோம் சார். பாக்ஸை ஆஃப் பண்ணாம வெச்சிருங்க, கொஞ்ச நேரத்துல வந்துடும்" என்றது ஒரு பெண் குரல். திரையிலும் காத்திருக்கச் சொல்லி எழுத்து வந்தது.

காத்திருக்கத் தெரிந்தவனாக இருந்தால் எனக்கு ஏன் இந்த நிலைமை? மாடிக்கு ஓடி, காரணமே இல்லாமல் டிஷ்ஷை ஒரு தட்டு தட்டிவிட்டு வந்தேன். திரை இருட்டாக இருந்தது. பாக்ஸிலும் விளக்கு இல்லை. கரண்ட் போய் வந்திருக்கும் என்று மறுபடி போட்டேன், மறுபடி போன் செய்தேன். வாசலில் நின்று பேசிவிட்டு உள்ளே வந்தால் மறுபடியும் இருட்டு. தெருவே உட்கார்ந்திருக்கிறது, ஒருவர் வாயைத் திறக்கவில்லை.

"சார், ஆஃப் பண்ணக்கூடாதுன்னு சொன்னேனே?"

"நான் பண்ணலீங்க மேடம்!" என் குரல் எனக்கே அழுகையாகக் கேட்டது. நைனா செருமினார். அவர் செருமினால் பொறுமை முடியப்போகிறது என்று அர்த்தம்.

மூன்றாம் முறை போட்டுவிட்டு, வெளியே போவதுபோலப் போய்க் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தேன். அம்மா மெதுவாக எழுந்து வந்தாள். பாக்ஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சுவிட்சை அணைத்தாள்.

"யம்மா! இன்னா பண்ற நீ?"

"ராவு காலம்டா! ஞாயித்துக்கெழம நாலரைலேர்ந்து ஆறு. புது சாமானை இப்பவா மொதமொதல்ல போடுவ? பொண்ணு ஆடப்போற நேரத்துல! அவ தோத்துட்டா? ஆறு மணிக்குப் போட்டுக்க."

"ஆறு மணிக்கு மேட்சே முடிஞ்சிடும்மா!"

"அவங்க சொல்றதும் நாயந்தானே" என்றது கூட்டத்தில் ஒரு குரல். நான் போட, அம்மா அணைக்க, மணி ஐந்தாகிவிட்டது. நைனா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நமக்குக் குடுத்துவெக்கல, வுடு. நான் கழனி பக்கம் போறேன்."

தேவி காலையில் போன் செய்தபோது, "நைனா பாப்பாரா அண்ணா?" என்று நாலு தடவை கேட்டிருந்தாள். ஓடிக்கொண்டிருந்த டிவியை நானே கெடுத்துவிட்டு, அவளுக்கு என்ன பதில் சொல்வேன்?

அப்போதுதான் எஸ்தர் அக்கா சொன்னாள்: "எங்க வூட்டு டிவி சின்னது. ஆனா ஓடும். எங்க வூட்ல ராவு காலமும் கெடையாது."

அம்மா ஒரு நொடி யோசித்தாள். இயேசு படம் மாட்டிய வீட்டில் ராகுவுக்கு என்ன வேலை என்று அவளுக்கே பட்டிருக்கவேண்டும். நைனாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். பின்னால் தெருவும் ஓடியது.

அங்கே மேட்ச் ஆரம்பித்திருந்தது. கையகல டிவி, கோடு கோடாகப் படம். ஒரே நிறச் சட்டையில் ஏழு புள்ளிகள் அசைந்தன. கூடப் பிறந்தவளை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஓரமா குனிஞ்சிக்கினு நிக்கிறா பாரு" என்றார் நைனா. "எடது காலை முன்ன வெச்சிக்கினு. நாத்து நடும்போதும் அப்டிதான் நிப்பா. அதான் நம்ம பொண்ணு."

அந்தப் புள்ளி பாய்ந்து எதிராளியின் காலைப் பிடித்தது. நைனா கத்திக்கொண்டு எழுந்ததில் துண்டு யார் தலையிலோ விழுந்தது. அதன்பிறகு அவர் உட்காரவே இல்லை. ஒரு பாயிண்டில் தேவி அணி தோற்றது. அவள் போன் செய்தபோது நைனா போனை அம்மாவின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "சோறு துன்னியாம்மா?" என்றார்.

ஆறு மணிக்கு அம்மா பாக்ஸுக்குக் கற்பூரம் காட்டி, தானே சுவிட்சைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் எச்.டி. வந்தது. ஏதோ சமையல் நிகழ்ச்சி. கடுகு வெடிப்பது ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பார்க்க நான் ஒருவன்தான் இருந்தேன்.

அந்த ஒரு பாயிண்ட், நான் ராகு காலத்தில் சுவிட்சைப் போட்டதால் போனது என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். நான் எதையாவது சரி பண்ணக் கிளம்பினால், "கடுகு நல்லா தெரியுதா அண்ணா?" என்கிறாள் தேவி.

இப்போது அவள் ஆட்டம் வருகிற நாளெல்லாம் எஸ்தர் அக்கா எச்.டி. பார்க்க எங்கள் வீட்டுக்கு வருகிறாள். நைனா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எஸ்தர் அக்கா வீட்டுக்குப் போகிறார்.

"நம்ம வூட்லயே தெளிவா கீதே நைனா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உன் டிவில எல்லாரும்தான் தெரியறாங்க" என்றார். "அங்க எனக்கு அவ மட்டுந்தான் தெரியறா."