முதலாளியை ஆலயத்துக்குக் கூட்டிப்போன கதை

ஓர் ஆளை ஆலயத்துக்கு வரவழைப்பதுதான் கஷ்டம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வந்தவரிடம் அவர் வந்த காரியத்தைப் பற்றி யாரையாவது பேச வைப்பதுதான் கஷ்டம். இதைச் சாந்தமாகச் சொல்லத்தான் பார்க்கிறேன். ஆனால் அந்த அறுப்பின் பண்டிகையை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது. (டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்கிறார். உப்பு என்ன செய்யும், பாவம்!)

எழுபதுகளின் தொடக்கத்தில் அருப்புக்கோட்டை பஜாரில் ஒரு வத்தல் கமிஷன் கடையில் நான் குமாஸ்தா. பரளச்சிப் பக்கத்து விவசாயிகள், எங்கள் பேச்சில் சம்சாரிகள், மிளகாய் வத்தலை மூடை மூடையாகக் கொண்டுவருவார்கள். முதலாளி அதை வியாபாரிகளிடம் ஏலம் விட்டுக் கொடுப்பார். நாள் முழுக்கத் தும்மல். அந்தத் தும்மலுக்கு நடுவில் எனக்குச் சுவிசேஷ வைராக்கியம் வேறு. அப்போதுதான் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் எழுந்து நின்று, இனி யாருக்கும் வெட்கப்படாமல் சாட்சி சொல்வேன் என்று பொருத்தனை செய்துவிட்டு வந்திருந்தேன். மூடை தைக்கும்போது அதன் வாய்க்குள் வேத வசனம் அச்சிட்ட ஒரு கைப்பிரதியைச் செருகுவேன். எடைக்குக் காத்திருக்கும் சம்சாரிகளைப் பிடித்து நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றிப் பேசுவேன்.

"அது வரும்போது வரட்டும் தம்பி, இன்னிக்கு எடையில நியாயம் உண்டா, அதைச் சொல்லுங்க" என்பார்கள்.

கடையில் கணக்கப்பிள்ளை என்னைக் கண்டால், "வந்துட்டாருய்யா மோட்சத்துக்கு டிக்கெட் கிழிக்கிறவரு" என்று ஆரம்பிப்பார். அவரை மன்னித்துவிட்டேன், அவர் வெளியாள். எங்கள் சபை மூப்பர் சொன்னதைத்தான் மன்னிக்க முடியவில்லை. "கடையில இதெல்லாம் எதுக்கு தம்பி? பொழப்பு கெட்டுப்போகும். அதான் ஞாயித்துக்கிழமை இருக்குல்ல" என்றார். ஏன், மற்ற ஆறு நாளும் ஆண்டவர் என்ன லீவிலா இருக்கிறார்?

இந்த நிலையில் முதலாளியின் தம்பி திடீரென்று இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து கடைக்கு வந்த முதலாளி, ஆள் இல்லாத ஒரு மத்தியான நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே பாக்கியம், ஊருக்கெல்லாம் சொல்றியே, எனக்கு ஒண்ணு சொல்லு. எந் தம்பி இப்ப எங்கலே இருக்கான்?"

கேலியில்லை. கண் சிவந்திருந்தது. வத்தல் நெடி என்று நினைக்க எனக்கும் ஆசைதான்.

சம்சாரிகளுக்கு நரகத்தின் சந்து பொந்தெல்லாம் விவரித்த வீரனுக்கு அந்த நேரம் பார்த்து நாக்கு ஒட்டிக்கொண்டது. "முதலாளி, வார ஞாயித்துக்கிழமை எங்க ஊரு கோயில்ல பண்டிகை. மதுரையில இருந்து பெரிய பிரசங்கியார் வாராரு. வந்தீகன்னா அவுக விளக்கமாச் சொல்வாக" என்றேன்.

"வாரேன்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மூப்பரிடம் சொன்னேன், கோயிலை நடத்தும் உபதேசியாரிடம் சொன்னேன், கிணற்றடியில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒருவர் வருகிறார், மரணத்தைப் பற்றி அவருக்கு ஒரு கேள்வி இருக்கிறது, தயவுசெய்து ஒழுங்காக நடந்துகொள்ளுங்கள் என்றே கேட்டுக்கொண்டேன்.

எங்கள் ஊர் பாலவனத்தத்தைத் தாண்டிக் கரிசல் காட்டுக்குள் இருக்கிறது. முதலாளி தன் காரிலேயே என்னையும் ஏற்றிக்கொண்டு வந்தார். கோயில் வாசலில் சோளத்தட்டை கட்டியிருந்தார்கள். அறுப்பின் பண்டிகை என்றால் அவரவர் முதல் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவருவது வழக்கம். கம்பு, பருத்தி, பூசணிக்காய், கோழி, ஆடு என்று பீடத்துக்கு முன்னால் ஒரு சந்தையே கூடிவிடும். ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள், காசு சபைக்கு. ஆராதனை முடிந்ததும்! இந்த வார்த்தையைக் கவனிக்க வேண்டும்.

பிரசங்கியார் வந்த பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது என்று தகவல் வந்தது. உபதேசியார் உடனே, "அவுக வார வரைக்கும் சும்மா இருப்பானேன்? ஏலத்தை முடிச்சுப்புடுவோம்" என்று அறிவித்தார். பாட்டுப் பாடலாமே, ஜெபிக்கலாமே என்றேன். "பொழுது போயிரும்பா" என்றார்.

உபதேசியார் நல்ல மனிதர். ஆனால் ஏலம் விடத் தெரியாது. "யாராவது கேளுங்களேன்" என்று கெஞ்சினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மூப்பர் ஒரு பூசணிக்காயைக் கொசுறு விலைக்குத் தட்டிக்கொண்டு போனார். என் பக்கத்தில் முதலாளியின் முழங்கால் ஆட ஆரம்பித்தது.

"ஏலே, இது ஏலமா, இல்ல எழவு விசாரிக்கிறாகளா?"

"கொஞ்சம் பொறுங்க முதலாளி, பிரசங்கியார் வந்துருவாரு."

இரண்டாவது பூசணிக்காயும் அதே விலைக்குப் போனது. அவ்வளவுதான். முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "ஐயா, தப்பா நினைக்காதீக. பார்த்துக்கிட்டு உக்கார முடியல. இங்கிட்டுக் குடுங்க" என்று மூன்றாவது பூசணிக்காயை உபதேசியார் கையிலிருந்து வாங்கினார்.

அப்புறம் நடந்தது ஏலம் அல்ல, திருவிழா. மூப்பருக்கும் அவருடைய சம்பந்திக்கும் பழைய பகை உண்டு என்பதை எப்படியோ மோப்பம் பிடித்து, இருவரையும் மோதவிட்டு, அந்தப் பூசணிக்காயை ஓர் ஆட்டு விலைக்கு விற்றார். பாட்டுக்குக்கூட வாய் திறக்காத ஜனம் பெஞ்சில் ஏறி நின்று கத்தியது. உபதேசியார் என் தோளைத் தட்டி, "நல்ல ஆளாக் கூட்டியாந்திருக்க தம்பி" என்றார். ஐயா, அவர் பூசணிக்காய் விற்க வரவில்லையே!

பொறுக்க முடியாமல் கையை உயர்த்தி, "நிறுத்துங்க!" என்று கத்தினேன். அந்த நேரம் முதலாளி கையில் இருந்தது ஒரே ஒரு முட்டை. யாரோ ஓர் ஏழைப் பெண் கொடுத்த காணிக்கை. போட்டி வெறியில் அதன் விலை ஏற்கெனவே என் பாதிச் சம்பளத்தில் வந்து நின்றது.

"பாக்கியம் கை தூக்கிட்டான்! ஒரு தரம்! ரெண்டு தரம்!"

"முதலாளி, நான் ஏலம் கேக்கல, பேசத்தான்..."

"ஏலத்துல கை தூக்குனா கேள்விதான். கிறிஸ்தவன் பேச்சு மாறமாட்டான்னு நீதானலே கடையில சொன்ன? மூணு தரம்!"

முட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். (காசைச் சம்பளத்தில் பிடித்தும் கொண்டார்.)

ஒருவழியாகப் பிரசங்கியார் புழுதியோடு வந்து இறங்கினார். ஓடிப்போய், "ஐயா, அந்தா நிக்கிறாருல்ல, அவருக்காகத்தான் உங்களை எதிர்பார்த்தோம். தம்பியைச் சாகக் கொடுத்தவரு. ஒரு கேள்வி வச்சிருக்காரு" என்றேன். பிரசங்கியார் முதலாளியை உற்றுப் பார்த்தார். முதலாளியின் கையில் சிவப்பாக ஒரு சேவல் துள்ளிக்கொண்டிருந்தது.

"தம்பி, அது நாட்டுச் சேவல்தானே?" என்று கேட்டுவிட்டு, மதுரைப் பிரசங்கியார் கையைத் தூக்கினார்.

சேவல் அவருக்கே விழுந்தது. ஒரு கக்கத்தில் வேதப்புத்தகம், மறு கக்கத்தில் சேவலோடு அவர் பீடத்துக்கு ஏறியபோது, வெளியிலிருந்து சமையல்காரர் ஆள் அனுப்பினார்: அசனச் சோறு தயார், ஆறிப்போனால் நான் பொறுப்பல்ல. ஊர்கூடிச் சாப்பிடும் அசனத்தை ஆறவிட யாருக்கும் மனம் வரவில்லை. பிரசங்கத்தை விட்டுவிட்டு ஆசீர்வாதம் மட்டும் கூறலாம் என்று மூப்பர் சொன்னார். பிரசங்கியார் தலையாட்டினார். சேவலும் ஆட்டியது.

நான் பெஞ்சின் மேல் ஏறிவிட்டேன். "ஒரு ஆத்துமா வாசல்ல வந்து நிக்குது, உங்களுக்குச் சோறுதான் பெருசா? நீங்கல்லாம் ஒரு சபையா?" என்று தொடங்கி இன்னும் என்னென்னவோ கத்தினேன். மூப்பர் ஓடிவந்து என்னை மார்போடு கட்டிப்பிடித்துக் கீழே இறக்கினார். பையில் இருந்த முட்டை உடைந்தது. வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கரு தொப்புள் வரைக்கும் இறங்கியது. சிறுபிள்ளைகள் தொடங்கிவைத்த சிரிப்பில் பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் சொன்ன ஒரு வார்த்தையும் யார் காதிலும் ஏறவில்லை.

முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "சரக்கை எடுத்தவன் பத்திரமா வச்சுக்கிடணும்லே" என்று தன் துண்டைக் கொடுத்தார்.

பந்தியில் ஆளாளுக்கு வந்து அவரிடம் அடுத்த வருஷமும் வரவேண்டும் என்றார்கள். வேறு ஒரு பேச்சும் இல்லை.

காரில் திரும்பினோம். பாலவனத்தம் தாண்டியதும் அவர் சொன்னார்: "எல்லாரும் சேவலைப் பத்திப் பேசுனாக. எந் தம்பியப் பத்தி ஒருத்தரும் பேசலையே."

என் சட்டை மொடமொடவென்று காய்ந்து நாறிக்கொண்டிருந்தது. இதற்கு மேல் போவதற்கு மானம் எதுவும் மிச்சமில்லை. பேசினேன். "எங்கம்மா செத்தப்ப நானும் இதைத்தான் கேட்டேன் முதலாளி. உங்க தம்பி எங்க இருக்காகன்னு எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா சாவுக்குள்ள போயி திரும்பி வந்தவரு இயேசு ஒருத்தர்தான்னு நம்புறேன். அவரு நியாயம் தப்பமாட்டாரு. எங்கம்மாவை அவரு கையில விட்டுட்டேன். உங்க தம்பியவும் விடலாம். உங்களையும் விடலாம்."

பஜாருக்கு வந்து சேர்ந்தோம். முதலாளி கடை வாசலில் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"இதை அன்னிக்குக் கடையிலயே சொல்லியிருக்கலாம்லலே? எதுக்கு என்னை இம்புட்டு தூரம் கூட்டிட்டுப் போன?"

ஊர்மேல் அவ்வளவு கோபப்பட்டுக்கொண்டு வந்தவன், துண்டைத் துவைத்துத் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அதன்பின் முதலாளி உடம்பில் தெம்பு இருந்தவரை ஒவ்வொரு வருஷமும் வந்து ஏலம் விட்டார். சபைக்குச் சுற்றுச்சுவர் எழும்பியது. சபையில் அவர் சேரவில்லை. ஆனால் திரும்பும் வழியில், "அன்னிக்குச் சொன்னியே, அதை இன்னொருக்கச் சொல்லு" என்பார். நானும் சொல்வேன்.

அன்று சிரித்த கூட்டத்தில் ஒருத்தி பிற்பாடு எனக்கு மனைவியாக வந்தாள். இன்றைக்கும் வீட்டுக்கு வந்தவர் யாராவது என்னிடம் விசுவாசத்தைப் பற்றி ஏதாவது கேட்டு, நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதுவந்து, ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வந்தீகன்னா..." என்று இழுத்தால் போதும், அடுக்களைக்குள்ளிருந்து அவள் குரல் வரும்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

மூன்றாம் தரத்துக்குள் சொல்லிவிடுகிறேன்.