அத்தானின் உரைக்குப் பின்னணி பாடிய பெட்டி

அன்பும் மதிப்பும் நிறைந்த அத்தான் அவர்களுக்கு,

சிட்னி டூங்கபியிலிருந்து உங்கள் மைத்துனன் உமாசுதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் நிரஞ்சினியும் மகள் மயூராவும் சுகம். நீங்களும் அக்காவும் கேரம் டவுன்ஸ் வீட்டுக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்றும், வழியில் எங்காவது காரை நிறுத்திச் சாப்பிட்டிருப்பீர்கள் என்றும் நம்புகிறேன். மயூராவின் நிச்சயதார்த்தத்தில் நீங்கள் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் எழுந்து போனது எங்களுக்குப் பெரிய மனவருத்தம். எத்தனை தரம் போன் அடித்தும் நீங்கள் எடுக்கவில்லை, அதனால்தான் கடிதம்.

நடந்ததற்கு அந்தப் பெட்டிதான் காரணம், அத்தான். நிரஞ்சினி இல்லை. நானும் முழுக்க இல்லை. லிட்கம்மில் ஒரு வீட்டு வாசலில், கவுன்சில்காரர் ஏற்றிப் போவதற்காகப் பழைய மெத்தையோடு சேர்த்து வெளியே வைத்திருந்தார்கள். பார்த்தால் ஆர்மோனியத்துக்கும் அலுமாரிக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது. மூடியைத் திறந்தால் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு ஒலிநாடா. கட்டையை அழுத்தினால் அந்த நாடா ஓடும், அதில் பதிந்திருக்கிற உண்மையான மனிசக் குரலோ வயலினோ கேட்கும், விரலை எடுத்தால் நாடா தொடக்கத்துக்கே திரும்பிவிடும். கம்ப்யூட்டர் வாத்தியங்கள் வருவதற்கு முன்னம் வெள்ளைக்காரன் இப்படித்தான் பாடகர் கூட்டத்தையே ஒரு பெட்டிக்குள் அடைத்து வைத்திருந்தானாம். இதில் உலகத்தில் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தானாம். சிட்னியில் வாழ்நாள் முழுக்க லிஃப்ட் திருத்தின எனக்கு இதெல்லாம் புதிதில்லை. அழுத்தினால் போகும், விட்டால் வரும், அதே தத்துவம்தான்.

உள்ளே இருந்த நாடாக்களில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது, நிரஞ்சினியின் குரலையே எல்லாக் கட்டைகளிலும் ஏற்றினால் என்ன என்று. கூடவே ஒரு முன்னேற்றமும் செய்தேன். பழைய வடிவமைப்பில் நாடா கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும், பிறகு சத்தம் இல்லை. நான் ஒவ்வொரு நாடாவின் இரண்டு முனைகளையும் ஒட்டி வளையமாக்கினேன். இனி விரல் இருக்கும் வரைக்கும் அது சுற்றிக்கொண்டே இருக்கும், முடிவே இல்லை. அந்த முடிவில்லாமைதான் நம்மை இந்த இடத்தில் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

கராஜில் ஒரு கதிரையைப் போட்டு நிரஞ்சினியை இருத்தி, ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு 'ஆ' பாடச் சொன்னேன். அவள் பாடினாள். நல்லாகவே பாடினாள். அவள் 'ஆ' முடிந்ததும் நான் பதிவை நிறுத்தியிருக்க வேண்டும். நான் கழற்றியது ஹெட்போனை மட்டும்தான். நான் அந்தப் பக்கம் திரும்பி ஸ்பிரிங் முறுக்க, அவள் அடுத்த 'ஆ'வுக்குக் காத்திருந்த நேரமெல்லாம் தன்பாட்டில் கதைத்திருக்கிறாள். அடுப்பில் வைத்த கறியைப் பற்றி, என் மூட்டுவலியைப் பற்றி, நிச்சயதார்த்தத்துக்கு வரப்போகிறவர்களைப் பற்றி. நான் வேலை முடிந்ததும் பிறந்தநாள் பாட்டொன்றை வேகமாகத் தட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டையிலும் சின்னச் சின்ன 'ஆ'. தேன் மாதிரி இருந்தது. ஒரு கட்டையையாவது கொஞ்ச நேரம் அமத்திப் பிடித்துப் பார்த்திருக்கலாம்.

அன்று மண்டபத்தில் அந்தப் பெட்டியை வாசித்த செந்தூரனில் பிழை இல்லை, அத்தான். அவர் டயர் கடையில் வேலை செய்கிறவர், வார இறுதியில் கோயிலில் பஜனைக்குக் கீபோர்ட் வாசிப்பவர். நீங்கள் வரவேற்புரைக்கு எழும்பினபோது நான்தான் அவர் காதில் சொன்னேன், "தம்பி, அத்தான் பேசேக்க பின்னால மெல்லிசா, நீட்டி, ஒரு சுரத்தைப் பிடியுங்கோ" என்று. உங்கள் பேச்சுக்கு ஒரு கம்பீரம் வரட்டும் என்றுதான். நீங்கள் "இரு குடும்பங்களும் இணையும் இந்த நன்னாளில்" என்று தொடங்க, பின்னால் 'ஆ' என்று தேவலோகம் மாதிரி எழும்பினதும் மண்டபமே சிலிர்த்தது. அதற்குப் பிறகுதான் நிரஞ்சினியின் குரல், "அத்தான் மைக்கைப் பிடிச்சா விடமாட்டார், சோறு ஆறிப்போயிடும்" என்றது. பிறகு 'ஆ'. பிறகு திரும்பவும் அதே 'அத்தான் மைக்கைப் பிடிச்சா'. செந்தூரன் விரலை எடுத்துவிட்டார். ஆனால் சிட்னி வெயிலுக்கு அந்தக் கட்டை இறுகிவிட்டது, மேலே வரவில்லை. நீங்கள் அக்காவைக் கூட்டிக்கொண்டு வாசலைத் தாண்டும் வரைக்கும் அது உங்களை வழியனுப்பிக்கொண்டே இருந்தது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

நீங்கள் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. செந்தூரன் பதறி, இறுகின கட்டையை விடுவிக்கப் பக்கத்துக் கட்டையை அமத்த, அது ஒரு 'ஆ' முடித்து, "சம்பந்தியம்மா தந்த தொதலைக் கடிச்சு எனக்குப் பல்லு ஆடுது" என்று பாடியது. மாப்பிள்ளை சுஜீதனின் தாய் கமலேஸ்வரி அம்மா முன்வரிசையில், மடியில் தொதல் இனிப்புத் தட்டோடு இருக்கிறார். மயூரா என்னைப் பார்த்த பார்வையில், "அப்பா, ஐ கான்ட்" என்ற மூன்று சொல்லுக்கு மேல் ஒன்றும் இல்லை. நிரஞ்சினி முந்தானையால் முகத்தை மூடிவிட்டாள். நான் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன். பெட்டி உடனே சாகவில்லை. அவள் குரல் ஆண்குரலாகி, எருமைக்குரலாகி, "மை...க்...கை..." என்று இழுத்து அடங்கியது. உள்ளே நாடாக்கள் எல்லாம் இடியப்பம் மாதிரிச் சிக்குப்பட்டு, ஒரு பக்கத்தால் புகை வந்தது.

கல்யாணம் குழம்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் உங்கள் குரல் வந்தது. நீங்கள் மண்டபத்து வயரில்லாத மைக்கைக் கையில் பிடித்தபடியே பின்பக்கத்துக் கார் தரிப்பிடத்துக்குப் போயிருக்கிறீர்கள். கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "உன்ர தம்பிக்கு மூளை லிஃப்ட் மாதிரி, எப்பவும் ரெண்டு மாடிக்கு நடுவில நிண்டிடும்" என்றீர்கள். மாப்பிள்ளை வீட்டார் முழுப்பேரும் கேட்டார்கள். அதற்கு அக்கா சொன்னதும் கேட்டது.

"நிரஞ்சினி சொன்னது சரிதானே. இஞ்ச பாருங்கோ, இன்னும் மைக்கை விடேல்லை."

அதற்குப் பிறகு 'டக்' என்று ஒரு சத்தம்.

கமலேஸ்வரி அம்மாவுக்குத் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரோ என்று நான் கிட்டப் போனேன். சிரிப்பு. சிரித்து முடித்துத் தட்டில் ஒரு துண்டு தொதலை எடுத்துக் கடித்துப் பார்த்தார். "கல்லாத்தான் கிடக்கு" என்றார் நிரஞ்சினியிடம். "இவர்தான் கிண்டினவர். நான் அப்பவே சொன்னனான் இறக்குங்கோ எண்டு." அவருடைய கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண்களும் கைபிடித்துக்கொண்டு சாப்பாட்டுப் பக்கம் போய்விட்டார்கள், தட்டு மாறுவதற்கே தேடிக் கூட்டிவர வேண்டியிருந்தது. ஆக, மயூராவின் கல்யாணம் நிச்சயமானதில் உங்கள் பங்குதான் பெரிது.

பெட்டியைக் குப்பைக்கென்று வாசலில் போட்டுவிட்டேன். இனி அந்தப் பக்கம் போகமாட்டேன் என்று நிரஞ்சினிக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். கல்யாணத்தில் நீங்கள் விரும்பின நேரம் வரைக்கும் பேசலாம், பின்னால் ஒரு சத்தமும் இருக்காது. மண்டபத்தார் மைக்கைக் கேட்கிறார்கள், வசதிப்படும்போது அனுப்பிவைக்கவும். அக்காவுக்கு என் அன்பு. சிவாவிஷ்ணு கோயிலுக்குப் போகும்போது எங்கள் பேரிலும் ஒரு அர்ச்சனை செய்யவும். உங்கள் கோபம் தணிந்து நீங்கள் இருவரும் பல்லாண்டு வாழ வேண்டும் என்று வேண்டும்,

மைத்துனன்
உமாசுதன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் கமலேஸ்வரி அம்மா வந்து, எங்கள் வாசலில் கிடந்த பெட்டியைத் திரும்பக் கராஜுக்குள் தள்ளிவிட்டார். கல்யாணத்துக்கு அது கட்டாயம் வேண்டுமாம். அன்று ஒலிபெருக்கிக்காரர் உங்கள் கார்ப் பேச்சையும் பதிந்து வைத்திருக்கிறார். செந்தூரன் பெட்டியைத் திருத்தி, அந்தப் பேச்சைக் கீழ்க் கட்டைகளில் ஏற்றிப் பார்த்தார், என்ன கனமான குரல், அத்தான். 'ஆ' மட்டும்தான் குறை. கல்யாணத்துக்கு ஒரு கிழமை முந்தி வந்தால் கராஜில் இருந்து பாடிவிடலாம். பாடி முடிந்ததும் தயவுசெய்து ஒன்றும் கதைக்க வேண்டாம்.