நீல ரிப்பனும் இரண்டு சொம்புகளும்

அந்த ஞாயிற்றுக்கிழமை, வியாசர்பாடி குடியிருப்பின் இரண்டாவது மாடியில், சுப்பராயன் வீட்டில் ஆஜரானவர்களும் அவர்கள் அமர்ந்த இடமும் வருமாறு.

வீட்டிலிருந்த ஒரே இரும்பு நாற்காலியில், நீலக் கோட்டு அணிந்த அண்ணல் படத்துக்கு நேர் கீழே, வர்ணசித்தர் அய்யாத்துரை. கட்டிலில், மாப்பிள்ளையின் தாய் சொக்கம்மாள். அவள் காலடியில் பாயின் மேல், மாப்பிள்ளை பகலவன். சமையலறை நிலைப்படியில், மணப்பெண் செங்கொடி. வாசலோரத் தண்ணீர் டிரம்மின் மூடி மேல், பெண்ணின் தகப்பனார் சுப்பராயன். சொந்த வீட்டில் அவருக்கு வேறு இடம் மிஞ்சவில்லை. மாடிப்படி நெடுக, சித்தரிடம் குறி கேட்கக் கையில் டோக்கனோடு அறுபது பேர். அவர்கள் உட்காரவில்லை. பக்தி உட்கார விடவில்லை.

கல்யாண மேடைக்கு நிறம் குறித்துக் கொடுப்பது சித்தரின் தொழில். எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை, அவரைக் கேட்காமல் ஒரு ரிப்பன்கூடக் கட்டப்படுவதில்லை என்று பேச்சு. செல்போனில் இன்கமிங் இலவசமான வருடம் அது. சித்தருக்கோ மேலுலகத்திலிருந்தும் இன்கமிங் வந்துகொண்டிருந்தது.

"மேடை பூரா வெள்ளை சம்பங்கி வெச்சுக்கோ. ஆனா நடுவுல ஒரு நெறம் எடுப்பா நிக்கும் பாரு, அதான் கல்யாணத்தோட உசுரு. அது ராங்கா பூட்ச்சுன்னா, குடும்பமே ராங்கா பூடும்" என்றார் சித்தர். "போன மாசம் அத்திப்பட்டுல ஒரு கேஸு. பச்சை ரிப்பன். சொம்புல முக்குன தாள் ரத்தச் செவப்பு காட்டிச்சு. மாப்ள வூட்டுக்காரங்க அப்டியே ஒதுங்கிட்டாங்க. தப்பிச்சாங்க!"

சொக்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த அத்திப்பட்டுப் பெண் அவளுடைய தங்கை பட்டம்மாளின் மகள். சித்தரிடம் கூட்டிப் போனதே சொக்கம்மாள்தான்.

சித்தர் இரண்டு பித்தளைச் சொம்புகளை முன்னால் வைத்தார். இரண்டிலும் தெளிந்த நீர். மஞ்சள் தடவிய தாள் ஒன்றை எடுத்து மணமக்கள் பெயரை எழுதினார்.

"பொண்ணு இன்னா நெறம் கேக்குது?"

"நீலம்" என்றாள் செங்கொடி. வெள்ளைச் சம்பங்கிச் சரங்களுக்கு நடுவே நீல ரிப்பன். பத்து வயதிலிருந்தே அவள் மனத்தில் கட்டி வைத்திருந்த மேடை அது.

சித்தர் அவளுடைய ரிப்பனைத் தாளில் சுற்றி இடது சொம்பில் முக்கினார். வெளியே வந்த தாள் ரத்தச் சிவப்பு!

படிக்கட்டு முழுக்க "அய்யய்யோ" என்றது.

"நாப்பது நாள்ல ரத்தம் பாக்கும் இந்தக் கல்யாணம். நீலம் ஆவாது" என்றார் சித்தர், நீலக் கோட்டுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு. படத்திலிருந்தவர் பொறுமையாகவே இருந்தார்.

அடுத்து ஊதா ரிப்பன். அதை இன்னொரு மஞ்சள் தாளில் சுற்றி வலது சொம்பில் முக்கினார். மஞ்சள் மாறவில்லை.

"பாத்தியா, மங்களம்! ஊதா ஆர்கிட் பூ. மந்திரிச்ச பூ ராயபுரத்துல என் மச்சான் கடையில மட்டுந்தான் கெடைக்கும்."

மற்ற கடைகளில் பூ வெறும் பூவாகவே விற்றுக்கொண்டிருந்தது பாவம்.

சொக்கம்மாள் தீர்மானமாகச் சொன்னாள்: "சம்பந்தி, ஊதான்னா அடுத்த ஞாயித்துக்கெழம கல்யாணம். நீலம்னா எம் புள்ளைய நா அனுப்ப மாட்டேன்."

"யம்மா..."

"நீ கம்முனு கெட."

"நா நீலத்த வுட மாட்டேன் அத்தே" என்றாள் செங்கொடி.

சுப்பராயன் துறைமுகத்தில் முப்பது வருடமாக மூட்டைகளைச் சரிபார்த்தவர். ஆனால் மகளின் பிடிவாதத்தையும் சம்பந்தியின் பயத்தையும் எந்தப் பத்தியில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. "தோசம் கழிக்கிறேன்" என்று சித்தர் இடது சொம்பு நீரை அள்ளி எல்லோர் மேலும் தெளித்தார். சுப்பராயனின் வெள்ளைச் சட்டையில், நெஞ்சுக்கு நேராக, சிவப்பாக ஒரு பொட்டு முளைத்தது.

"பெரியவருக்கும் ரத்தம்டா!" என்று படிக்கட்டு அலறியது. சுப்பராயன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

செங்கொடி கிட்டே வந்து பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"இன்னா நைனா, காலையில சாம்பார் சிந்துன எடந்தானே இது? ஏன் சித்தரே, எங்க வூட்டு சாம்பாருக்கு எந்த ஊர்ல மாப்ள பாத்துக் கீறீங்க?"

"தெய்வத்தாண்ட வெளயாடாத!"

"வெளயாடல. நீல ரிப்பன வலது சொம்புல முக்குங்க. ஊதாவ இடதுல. அவ்ளோதான்."

"சொம்பு மாறுனா குத்தம் ஆயிடும்மா!"

"குத்தம் ரிப்பன்லயா, சொம்புலயா?"

அதுவரை கம்மென்று கிடந்த பகலவன் எழுந்தான். அவனே இரண்டு மஞ்சள் தாள்களை எடுத்து, ரிப்பன் சுற்றி, முக்கினான். நீலம் கட்டியது மஞ்சளாகவே வந்தது. ஊதா கட்டியது ரத்தச் சிவப்பு.

சொக்கம்மாள் கட்டிலை விட்டு இறங்கினாள். இடது சொம்பில் விரலை விட்டு நாக்கு நுனியில் வைத்தாள். நாற்பது வருடம் வெற்றிலை போட்ட நாக்கு அது.

"அட கலீஜு புடிச்சவனே! சுண்ணாம்புத் தண்ணிடா இது! இந்தப் பேட்டையில எந்தக் கல்யாணமானாலும் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஆரத்தி கரைக்கிறவடா நானு! எங்கிட்டயே ஆரத்தி காட்டிகினு கீறியா?"

தட்டில் கரைத்தபோது அவளுக்கு ஆரத்தி; சொம்பில் தெளிந்து நின்றபோது தெய்வம். பாத்திரம் மாறியதும் பழகிய பொருளே தெரியாமல் போவது சொக்கம்மாளுக்கு மட்டும் வந்த நோயில்லை.

சித்தரின் செல்போன் சமயம் பார்த்து அடித்தது. மேலுலகம் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். அறுபது பேருக்கு நடுவே இறங்க வேண்டியிருந்தது. அவர் தெருவைத் தொட்டபோது டோக்கன்கள் எல்லாம் அவர் மேல்தான் இருந்தன.

கூட்டம் கலைந்தும் சொக்கம்மாள் போகவில்லை.

"நீலமே கட்டிக்கோம்மா" என்றாள் செங்கொடியிடம். பிறகு குரல் இறங்கியது. "சம்பந்தி, ஒரு கடுதாசி எழுதணும். எந் தங்கச்சிக்கு."

சுப்பராயன் பேனாவைத் திறந்தார். வழக்கம்போல் எண் போட்டே எழுதினார்.

"ஒன்று: பச்சை நிறத்தின் மேல் குற்றமில்லை. இரண்டு: உன் மகள் மேலும் இல்லை. குற்றம் உன்னைக் கூட்டிப் போன உன் அக்காள் மேல். மூன்று: மஞ்சள் தாள்கள் இரண்டை இத்துடன் வைத்திருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் முன்னால், ஒன்றைச் சுண்ணாம்பு நீரிலும் மற்றதை வெறும் நீரிலும் முக்கிக் காட்டு. நான்கு: சுண்ணாம்பு அனுப்பவில்லை. அது உன் வெற்றிலைப் பையிலேயே இருக்கிறது. எல்லோருடைய புத்தியும் அவ்வளவு பக்கத்தில்தான் இருக்கிறது. கைவிட்டுத் தேடினால் போதும்."

சோற்றுப் பருக்கை வைத்து உறையை ஒட்டினார். தெருமுனைத் தபால் பெட்டி உச்சி முதல் அடி வரை ரத்தச் சிவப்பாக நின்றது. சொக்கம்மாள் கொஞ்சமும் பயப்படாமல் கடிதத்தை உள்ளே போட்டாள்.