ராஜாவின் கருவாடு

அந்தமானுக்கு வரும் மெயின்லேண்ட் கப்பல் பழுதாகி, போர்ட் பிளேயர் ஷாதிபூர் கடைகளில் வெங்காயத்தைக் கண்ணிலேயே காட்டாத வருஷம் அது. (புளி இருந்ததா என்று கேட்காதீர்கள், அது தனிக் கதை.) அப்போது நான் பாராடாங் தீவில் மீன் பிடித்துக் கருவாடு போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் நாய் ராஜாவுக்கு இருமல் வந்தது. பீடிக் கிழவன் மாதிரி இருமும். விலா எலும்பை எண்ணிவிடலாம்.

என் பெண்டாட்டி மிக்கேலம்மாளுக்கு அந்தத் தீவில் ராஜாவை விட்டால் பேச்சுத் துணை கிடையாது. (நான் இருந்தேன். கணக்கில் சேர்க்கவில்லை.)

"இது செத்துச்சுன்னா அடுத்த கப்பல்லயே எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன், பாத்துக்கிடுங்க" என்றாள்.

மரம் இழுக்கும் யானைகளைப் பார்க்க வந்த மாட்டு டாக்டரை மறித்தேன். மதுரைக்காரர். ராஜாவின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்.

"நுரையீரல்ல பூச்சி இருக்கும்போல. அடுத்த போட்ல அதோட பீயை எடுத்துக்கிட்டு போர்ட் பிளேயருக்கு வா."

"இருமுறது வாயிலல்லா சார்?"

"அரே, நாய் உன்னை மாதிரி காறித் துப்புமா? சளியை முழுங்கிரும். பூச்சிக்குஞ்சு அந்த வழியாத்தான் வெளிய வரும். கெட்டுப்போகாம கொண்டா."

கெட்டுப்போகாமல்! யாரிடம் சொல்கிறார்? நெத்திலிக்குப் போடுவதைவிடக் கூடுதலாகக் கல்லுப்புப் போட்டு, பாயில் பரப்பி, காக்காய் விரட்டி, சுக்காகக் காயவைத்தேன்.

போர்ட் பிளேயர் மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் பொட்டலத்தைப் பிரித்தார். மோந்தார்.

"என்னய்யா இது?"

"கெடாது சார். அடுத்த மழை வரைக்கும் தாங்கும்."

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "உயிரோட நெளியிறதை லென்ஸ்ல பார்த்தாத்தான்யா என்ன பூச்சின்னு தெரியும்! உப்புல எல்லாம் செத்திருக்கும். தெரியாம மருந்து கொடுத்தா, இருக்கிற உசுரும் போயிரும். போய் நாயையே தூக்கிட்டு வா."

தீவுக்குத் திரும்பிப் போய்ச் சேர்ந்து, மறுபடி போட் வருகிற நாளில், ராஜாவோடு படகுத்துறையில் உட்கார்ந்திருந்தோம். அலையாத்தி மரங்களைத் தாண்டிப் போட் தெரிந்தது. மிக்கேலம்மாள் மடியில் ராஜா ஒருமுறை இருமியது. அப்புறம் இருமவில்லை.

அவள் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. போய்விட்டால் என்னை யார் சொல்லிக்காட்டுவது?

இன்றைக்கும் வீட்டில் கருவாடு வறுத்தால் பேரன்கள் ஆரம்பித்துவிடுவார்கள்: "தாத்தா, இது நெத்திலியா, ராஜாவா?" வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். மிக்கேலம்மாள் மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

உங்கள் பக்கத்தில் யார் வீட்டு நாயாவது இருமினால், தயவுசெய்து சொல்லிவிடுங்கள்: சுடச்சுட எடுத்துக்கொண்டு ஓடட்டும். உப்பு வேண்டாம்.