ஓடுகிற மெத்தடில் கைவைத்த கத்திரி அக்கா

நீளமாக இருக்கிற எதையும் நிம்மதியாக இருக்க விடாத மனுஷி இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் கத்திரி அக்காதான். நீளமாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால், கேட்காமலே "சுருக்கமா சொல்லு" என்று பதில் வரும். கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபம். வாழ்த்த வந்த பிரமுகர் மணமக்களை அம்போவென்று விட்டுவிட்டு, சாலைப் பள்ளம், சாக்கடை, தன் கட்சி என்று போய்க்கொண்டே இருந்தார். அக்கா எழுந்து மேடைக்கே போய்விட்டார்.

"அண்ணே, வாழ்த்துறது ஒரு வேலை, அரசியல் வேற வேலை. ரெண்டையும் பிரிங்கலா. சோறு ஆறுது!"

மண்டபமே கைதட்டியது. பிரமுகர் தனக்குத்தான் என்று நினைத்துக் கும்பிட்டார்.

அக்கா எங்கள் ஆபீசில் மூத்த புரோகிராமர். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருக்கிறது ஆபீஸ். துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றிப் போகும் லோரிகளுக்கு எங்கே போகணும், எந்த வழியில் போகணும் என்று சொல்கிற மென்பொருள் எங்களுடையது. அதில் ஒரு வேலையைச் செய்ய எழுதும் கட்டளைத் தொகுப்புக்கு மெத்தட் என்று பெயர். நாங்கள் எழுதும் ஒவ்வொரு மெத்தடையும் அக்கா எழுந்து நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரே மூச்சில் படிப்பார். மூச்சு எங்கே முட்டுகிறதோ அங்கே வெட்டு. வெட்டிய துண்டுக்கு ஒரு பெயர் வைத்துத் தனி மெத்தடாக்கி விடுவார்.

"ஒரு மெத்தட், ஒரு வேலை. பேரைப் பாத்தாலே என்னா செய்யுதுன்னு தெரியணும்," என்பார். நான் எழுதிய ஒன்றைப் படிக்கும்போது முகம் சிவந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "டேய், ஆளையே கொன்னுடுவ போலிருக்கே!"

இப்படிப்பட்டவருக்கு எமனாக வாய்த்தது எங்கள் பாஸின் மெத்தட். கம்பெனி ஆரம்பித்த காலத்தில் அவரே எழுதியது. லோரியைப் பிடிப்பது, டிரைவர் லீவு பார்ப்பது, வழி தேடுவது, பில் அடிப்பது எல்லாம் அந்த ஒரே மெத்தடுக்குள். அக்கா அதைப் படிக்கத் தொடங்கியபோது நாங்கள் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனோம். பாயசம் வரை சாப்பிட்டுத் திரும்பினால், அவர் இன்னும் டிரைவர் லீவையே தாண்டவில்லை. பாஸோ அதைக் குலதெய்வம் மாதிரி காத்தார்.

"ஓடுற வண்டிலா அது. யாரும் பானெட்டைத் திறக்க வேணாம். தொட்டா, மறுநாள் வேலைக்கு வர வேணாம்!"

ஓடுகிறதே, பிறகு ஏன் தொடணும் என்று நீங்களும் கேட்பவரென்றால், தயவுசெய்து பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். உங்களுக்கும் எனக்கும் ஒத்துவராது. அது ஓடிய லட்சணம் எனக்கல்லவா தெரியும்! டிரைவர் முனியாண்டி அண்ணனுக்குக் காய்ச்சல் என்று மென்பொருளில் ஒருநாள் லீவு போட்டேன். அந்த மகராசி மெத்தட் அத்தனை டிரைவர்களுக்கும் லீவு கொடுத்துவிட்டது. கிள்ளான் யார்டில் லோரிகள் சும்மா நிற்க, டிரைவர்கள் எனக்கு நன்றி சொல்லி மெசேஜ் அனுப்பினார்கள். பாஸ் என்னை ஆபீஸ் நடுவே நிற்கவைத்துக் காய்ச்சி எடுத்தார்.

அக்கா குறுக்கே வந்தார். "இவனை ஏன் திட்டுறீங்க பாஸ்? யாரு தொட்டாலும் இதான் கதி. நான் அதைப் பிரிக்கப் போறேன்."

"தொட்டா வேலை போயிடும்னு சொன்னேன்ல?"

"போனா போவுது."

விளையாட்டுப் பேச்சில்லை. தனி ஆளாகக் குடும்பத்தை இழுக்கிறவர், யுனிவர்சிட்டியில் படிக்கிற மகள் இருக்கிறாள்.

ஒளிந்து மறைந்தும் செய்யவில்லை. பாஸ் அறைக்கு நேர் எதிரே உட்கார்ந்து வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும், பழையதும் புதியதும் ஒரே பதிலைத் தருகிறதா என்று பார்த்த பிறகே அடுத்தது. "செய்யிற வேல அதே வேலதான். படிக்கிறவனுக்குப் புரியணும், அவ்ளோதான்." முடித்ததும் பாஸையும் அழைத்துப் பெரிய திரையில் காட்டினார். அந்தப் பூதம் இப்போது சில வரிகள்தான்: பதிவைப் படி. டிரைவரைத் தேடு. தைப்பூச வழியில் அனுப்பு. பில் போடு.

ஜன்னல் வழியே பார்த்தேன். தெருவில் டுரியான் பழம் விற்றுக்கொண்டிருந்தார்கள். தைப்பூசம் முடிந்து மாதக்கணக்காகிவிட்டது.

"அக்கா, இப்ப எங்கேருந்து தைப்பூசம்?"

"அதை பாஸைக் கேளு. அந்த மெத்தடுக்குள்ள அவர் எழுதி வச்ச குறிப்பிலதான் இருந்துச்சு."

எப்போதோ ஒரு தைப்பூசத்துக்குப் பத்துமலை முருகன் கோயில் பக்கம் சாலையை மூடியபோது, லோரிகளைச் சுற்றி அனுப்ப பாஸ் எழுதிய வரிகள் அவை. தேதியைப் பார்க்கச் சொல்லும் வரி அந்தக் குவியலில் வேறெங்கோ போய் மாட்டிக்கொண்டிருந்தது. ஆக, எங்கள் மென்பொருளுக்கு வருஷம் முழுக்கத் தைப்பூசம்தான். பாஸ் நம்பவில்லை. முனியாண்டி அண்ணனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"ஏன்யா, தெனமும் சுத்திக்கிட்டா போறீங்க? ஒருத்தனும் சொல்லலையே!"

"நீங்க முருக பக்தரு பாஸ். மலை முன்னால நம்ம லோரி போவக்கூடாதுன்னு ஏதோ வேண்டுதல்னு நெனச்சோம். சாமி விசயம், எப்படி கேக்குறது?"

நாங்கள் மேசைக்கு அடியில் குனிந்து சிரித்தோம். பாஸின் முகம் கறுத்தது.

"பழையபடி மாத்து."

"மாட்டேன் பாஸ். நான் புதுசா ஒண்ணும் பண்ணலை. இருந்ததுக்குப் பேர் வச்சேன்."

"அப்ப கெளம்பு!"

அக்கா பையை எடுத்துக்கொண்டு போயே விட்டார். பாஸ் எங்கள் பக்கம் திரும்பினார். பழையதைத் திருப்பிப் போடச் சொல்லி முதலில் எதிர் மேசை மெய் லிங்கைக் கேட்டார். "ஐ டோன்ட் நோ ஹவ் லா, பாஸ்," என்று அவள் நகத்தைப் பார்த்தாள். அடுத்தது நான். வாய் சும்மா இருக்கவில்லை.

"எனக்குத் தெரியும் பாஸ். ஆனா செய்ய மாட்டேன்."

ஒரு முறை முறைத்தார். தானே செய்துகொள்வதாகச் சொல்லி அறைக்குப் போய் உட்கார்ந்தார். மாற்ற வேண்டுமானால் அக்கா பிரித்து வைத்ததைப் படிக்க வேண்டுமே! படித்தார். மேலிருந்து கீழே, மறுபடி மேலிருந்து. பிறகு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"முனியாண்டிக்கு மட்டும் லீவு போடுறது எங்கன்னு கண்டுபுடிச்சிட்டேன்லா!"

சொல்லிவிட்டு, எங்கள் முன்னாலேயே அக்காவுக்குப் போன் போட்டார். "எங்கம்மா இருக்க? மேல வா."

"எங்க போவேன்? கீழ கடையிலதான் தே தாரிக் குடிச்சிக்கிட்டு இருக்கேன். உங்களுக்கும் சொல்லவா பாஸ்?"

நான் படிகளில் விழுந்தடித்து இறங்கி அவர் பையைப் பிடுங்கிக்கொண்டேன். "குடுடா, எனக்குக் கை இல்லையா?" என்று பின்னாலேயே வந்தார். மேசைக்கு வந்து அவர் உட்காரும்வரை கொடுக்கவில்லை. கொடுத்தால் மறுபடி கிளம்பிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.