இடெல்லா வீட்டுக்குப் போகாமலிருக்க ஒரு பீச்சாங்குழல்

இந்த ஈஸ்டருக்கு மைத்துனி வீட்டுக்குப் போவதில்லை என்று வெர்லின் உறுதி எடுத்துக்கொண்டார். மனசுக்குள்தான் எடுத்துக்கொண்டார். வாய்விட்டு உறுதி எடுக்கிற பழக்கம் கல்யாணத்தோடு அவருக்கு நின்றுபோயிற்று.

மைத்துனி இடெல்லா இருப்பது நெப்ராஸ்காவில். குளிர்காலம் முழுக்க அரிசோனா பாலைவனத்தில் வீட்டுவண்டியை நிறுத்திக்கொண்டு, முட்டிக்கு வெயில் காட்டிக்கொண்டு கிடக்கிற மனுஷரை, வசந்தம் பிறந்ததும் அவள் கூப்பிட்டு அனுப்புவாள். கூப்பிடுவது விருந்துக்கு. போனால் கையில் தருவது ஏணி. ஒரு வருஷம் வேலிக்கு வெள்ளை அடித்தார். அடுத்த வருஷம் கூரை ஏறி இலை அள்ளினார். போன வருஷம் கோழிக்கூண்டை வீட்டுக்குப் பின்னாலிருந்து முன்னால் நகர்த்தினார். இடெல்லா தள்ளி நின்று பார்த்துவிட்டு, பின்னால் இருந்ததே லட்சணமாக இருந்தது என்றாள். மறுபடி நகர்த்தினார். இத்தனைக்கும் கூலி, காரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி. அதைச் சாலட் என்று பேர் சொல்லிப் பரிமாறுவார்கள்.

இந்த வருஷம் போகாமலிருக்க அவருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. வீட்டுவண்டிகள் கூடி நிற்கிற அந்த முகாமில் லாடம் எறியும் போட்டி. மணலில் நட்ட இரும்பு முளையில் குதிரை லாடத்தை எறிந்து மாட்ட வேண்டும். வந்த நாளாகப் பக்கத்து வண்டி கிளைடிடம் தோற்றுத் தோற்றுத் தேய்ந்துபோன வெர்லின், முதல் தடவையாக இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தார். ஆட்டம் ஈஸ்டருக்கு முதல் நாள். அன்றைக்கு அரிசோனாவில் லாடம் எறிவதா, நெப்ராஸ்காவில் ஏணி ஏறுவதா என்பதுதான் அவர் முன்னால் இருந்த கேள்வி. மனைவி நடீனிடம் இதைக் கேள்வியாக வைக்க முடியாது. அவள் உடனே பதில் சொல்லிவிடுவாள்.

அந்த நேரத்தில்தான் தெய்வம் பார்த்து பீச்சாங்குழலை அடைத்தது.

வீட்டுவண்டியில் கழிவறைக்கு அடியில் ஒரு தொட்டி உண்டு. அதில் சேருவது என்ன என்று சொல்லத் தேவையில்லை. அதைக் காலி செய்த பிறகு, வண்டியின் பக்கவாட்டில் இருக்கும் வாயில் ரப்பர் குழாயை மாட்டித் திறந்தால், தண்ணீர் தொட்டிக்குள் போய் ஒரு சின்ன முனை வழியாக நாலு பக்கமும் பீச்சி அலசும். அந்த முனைக்கு வெர்லின் வைத்த பேர்தான் பீச்சாங்குழல். பாலைவனத்துத் தண்ணீரில் பாதி சுண்ணாம்பு. அது அடைத்துக்கொண்டது.

முதல் நாள் அவர் நிஜமாகவே சரி செய்யத்தான் போனார். அதைச் சொல்லிவிட வேண்டும். வண்டி முகாமில் ஒருத்தர் குனிந்தால் போதும், எதற்குக் குனிந்தார் என்று பார்க்க இன்னொருத்தர் வந்துவிடுவார். கிளைடு காப்பிக் கோப்பையோடு வந்தார்.

“என்னப்பா, தண்ணி இறங்கலையா?”

“திறந்தா ரப்பர் குழாய் விறைச்சுக்கிட்டு நிக்குது. உள்ள ஒரு சொட்டு போகல.”

“சுண்ணாம்புதான். வினிகர் ஊத்தி ராவெல்லாம் ஊற விடு. காலையில பிச்சுக்கிட்டு அடிக்கும். அதுக்கு முன்னாடி வண்டியைக் கிளப்பிடாதே. அலசாத தொட்டியோட தூரம் போனா, உள்ள இருக்கிறது காஞ்சு சிமெண்டாட்டம் இறுகிடும்.”

வெர்லின் காதில் பின்பாதி மட்டும்தான் விழுந்தது.

“கிளப்பக் கூடாதா?”

“கூடாது.”

“நெப்ராஸ்கா வரைக்கும்னா?”

“ஐயையோ.”

“கிளைடு, இதைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லேன்.” தலைக்கு மேலே சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. நடீன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

கிளைடு நல்ல மனுஷர். சத்தமாகச் சொல்லச் சொன்னால் முதலிலிருந்து சொல்கிறவர். வினிகரில் தொடங்கி சிமெண்டு வரைக்கும் ஒரு சொல் விடாமல் ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். வெர்லினுக்குப் பாதி ஆட்டம் ஜெயித்த மாதிரி இருந்தது.

நடீன் தலையை நீட்டினாள். “அப்போ ஈஸ்டருக்குப் போக முடியாதா?”

“இது சரியானாப் போகலாம்.”

“நான் ஏதாவது கை கொடுக்கட்டுமா?”

“நீ எதுக்கு? இது வெளிவேலை.”

வீட்டை விற்று வண்டியில் குடியேறிய அன்றைக்கு வெர்லின் போட்ட சட்டம் அது. அந்த முகாமில் பாதிப் பேர் குடும்பத்தில் அதே சட்டம்தான். வண்டிக் கதவுக்கு வெளியே இருப்பதெல்லாம் ஆண்பிள்ளை வேலை, உள்ளே இருப்பதெல்லாம் பெண்பிள்ளை வேலை. சக்கரம், தொட்டி, குழாய் இவருக்கு. அடுப்பு, துணி, பெருக்குதல், துடைத்தல் அவளுக்கு. வெளிவேலை மாசத்துக்கு நாலு வரும், உள்வேலை நாளைக்கு நாற்பது வரும் என்பது சட்டம் போடும்போதே அவருக்குத் தெரியும்.

“அதுவும் சரிதான்,” என்றாள் நடீன். “கதவுக்கு அந்தாண்ட இருக்கிற எதையும் நான் தொட மாட்டேன்.”

அதற்குப் பிறகு வெர்லினுக்கு வந்தது பொற்காலம். காலையில் பலகாரம் முடிந்ததும் கருவிப் பெட்டியோடு வண்டிக்கு அடியில் போவார். பாயை விரிப்பார். தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்குவார். நடுநடுவே விழிப்பு வந்தால் காலால் ஸ்பானரை ஒரு தட்டுத் தட்டுவார். மேலே இருப்பவளுக்கு வேலை நடக்கிறது என்று தெரிய வேண்டுமே. சாயங்காலம் எழுந்து, “கை மரத்துப் போச்சு, கொஞ்சம் ஆட்டிட்டு வரேன்,” என்று லாடத்தை எடுத்துக்கொண்டு பழகப் போவார்.

“என்ன ஆச்சு இன்னிக்கு?” என்று நடீன் கேட்பாள்.

“முனை ரொம்ப உள்ள இருக்கு.”

மறுநாள்: “என்ன ஆச்சு?”

“முனைக்கு ஒரு திருகு இருக்கு. அது துருப்பிடிச்சிருக்கு.”

அதற்கு மறுநாள்: “திருகு?”

“திருகைக் கழட்ட ஒரு சாவி வேணும். அந்தச் சாவியை இப்போ யாரும் செய்யறதில்லையாம்.”

“பாவம் நீ,” என்பாள். எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து கொடுப்பாள். பிறகு போனை எடுத்து அக்காவிடம் பேசுவாள். இடெல்லா பேர் காதில் விழுந்தால் வெர்லின் கை தன்னால் காதுக்குப் போய்க் காது மிஷினைக் கழற்றிவிடும். அது இல்லாவிட்டால் அவருக்கு இடி இடித்தாலும் இரண்டாவது இடிதான் கேட்கும். ஆனால் அந்த நாட்களில் கழற்றாமல் இருந்தார். அவ்வளவு இனிமையாக இருந்தது பேச்சு.

“ஆமாக்கா, இன்னிக்கும் தொட்டி அடியிலேயேதான் கிடக்கார். நாள் பூரா மல்லுக்கட்டறார்.”

“என்ன சொல்றா?” என்றார் வெர்லின்.

“உனக்குக் கழிவுத் தொட்டியைப் பத்தி இவ்வளவு தெரியும்னு அவளுக்குத் தெரியவே தெரியாதாம்.”

“யாரு, எனக்கா? தொட்டின்னா அதுக்கு ஒரு சூட்சுமம் இருக்குன்னு சொல்லு.” நடீன் அப்படியே சொன்னாள்.

ஒரு நாள் கடையிலிருந்து அவள் பெரிய பெரிய புட்டிகளில் வினிகர் வாங்கி வந்ததை வெர்லின் பார்த்தார். “ஊறுகாயா?” என்று கேட்டார். “வெள்ளரிக்கா ஊறப் போடலாம்னு,” என்றாள். அவருக்கு வெள்ளரி ஊறுகாய் என்றால் உயிர். நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு காத்திருந்தார். ஊறுகாய் வரவேயில்லை. வேறு ஆளாக இருந்தால் யோசித்திருப்பான்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் இருக்கும்போது நடீன் சொன்னாள்: “சாயங்காலம் கிளைடையும் இன்னும் நாலு பேரையும் வரச் சொல்லியிருக்கேன், கண்ணு.”

வெர்லின் உஷாரானார். அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டால் சாதாரணம். ‘கண்ணு’ போட்டால் எங்கேயோ குழி வெட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

“எதுக்கு?”

“கிளைடு நம்ப மாட்டேங்கறார். வினிகர் ஊத்தினா ஒரு ராத்திரியில போற அடைப்பு, இவ்வளவு நாளாவா இருக்கும்னு கேக்கறார். எனக்கு அவமானமா இருக்கு. குழாயை மாட்டிக் காட்டிடேன். நீ படற பாடு நாலு பேருக்குத் தெரியட்டும். காலையிலேயே தொட்டியைக் காலி பண்ணி, மேலேயிருந்து வாளித் தண்ணி ஊத்தி அலசி வச்சுடு. வர்றவங்களுக்கு நாத்தம் வேண்டாம்.”

இவ்வளவுதானா என்று வெர்லினுக்கு மூச்சு வந்தது. அடைப்பு இருக்கிறது. அதைத் தொட்டவர் யாரும் இல்லை. அவரே தொடவில்லை. இதைவிடச் சத்தியமான சாட்சி வேறென்ன வேண்டும்?

சாயங்காலம் ஜனம் கூடியது. நடீன் நாற்காலிகளை வண்டியிலிருந்து ரொம்பத் தள்ளிப் போட்டிருந்தாள். வெர்லின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து, ரப்பர் குழாயை மாட்டி, சபையைப் பார்த்து நிமிர்ந்து நின்றார்.

“கீழ்மடையைத் திறந்துட்டியா, வெர்லின்?” என்றாள் நடீன். தொட்டித் தண்ணீர் வெளியே ஓடுகிற மடை அது.

“எதுக்குத் திறக்கணும்? போனாத்தானே வெளியே வரும்?”

“ஒருவேளை போச்சுன்னா?”

“நடீன், உள்வேலை நான் சொல்லித் தரேனா? வெளிவேலை நீ சொல்லித் தராதே.”

“சரி. கேக்க வேண்டியது என் கடமை.”

வெர்லின் குழாயை முழுசாகத் திறந்தார். தண்ணீர் தெறித்தால் காது மிஷின் கெட்டுவிடுமே என்று அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு வண்டிப் பக்கத்தில் காதை வைத்தார். நிசப்தம். மேலே மரக்கிளையில் காக்காய் வாயைத் திறந்து மூடியதும்கூட நிசப்தமாகத்தான் இருந்தது.

“கேட்டீங்களா?” என்று சபையைக் கேட்டார். “ஒரு சத்தம் இருக்கா? இதுதான் நான் இத்தனை நாளா பார்த்துக்கிட்டிருக்கிறது.”

கிளைடு கையைத் தூக்கி என்னவோ சொன்னார். வெர்லின் பெருந்தன்மையாக உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார்.

“கேள்வியெல்லாம் கடைசியில. வினிகர்ங்கறான் கிளைடு. ஊறுகாய் போடறவன் பேச்சு அது. இந்த அடைப்புக்கு ஒரு குணம் இருக்கு. அதை நான் அடியில படுத்துக் கிடந்து படிச்சிருக்கேன்.”

நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேசி எவ்வளவு நாளாயிற்று. பேச்சு வெள்ளமாக வந்தது. முனையைச் சொன்னார், திருகைச் சொன்னார், யாரும் செய்யாத சாவியைச் சொன்னார். கிளைடு இரண்டு கையையும் ஆட்டினார். பக்கத்திலிருந்தவர் எழுந்தே விட்டார். கை தட்டத்தான் எழுகிறார் என்று வெர்லின் நினைத்தார்.

நடீன் கண்ணுக்கு நேரே வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து நிதானமாகக் கேட்டாள். “மடையைத். திறக்கட்டுமா?” வாயசைவிலேயே புரிந்தது.

“வெளிவேலை,” என்றார் வெர்லின்.

அவள் தலையை ஆட்டிவிட்டு நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து குடையை விரித்தாள்.

அந்தப் பாலைவனத்தில் மழை பெய்து எத்தனையோ மாசம். ஆகாயத்தில் கைக்குட்டை அளவு மேகம் இல்லை. இவள் எதற்குக் குடை பிடிக்கிறாள் என்று வெர்லின் யோசிக்கத் தொடங்கினார். யோசித்து முடிக்க அவகாசம் கிடைக்கவில்லை. தொட்டி நிரம்பினால் தண்ணீர் காற்றுப்போக்கிக் குழாய் வழியாகக் கூரைக்கு ஏறும், கூரையிலிருந்து பக்கவாட்டில் இறங்கும், பக்கவாட்டில் வெர்லின் நின்றுகொண்டிருந்தார்.

காலையில் அலசியிருந்ததால் பெரும்பாலும் நல்ல தண்ணீர். பெரும்பாலும்.

கிளைடு ஓடிவந்து குழாயை மூடினார். வெர்லின் அப்படியே நின்றார். சட்டைப் பையைத் தடவி, காது மிஷினை உதறி மாட்டிக்கொண்டார். பாழாய்ப்போனது கெடாமல் வேலை செய்தது.

“அடைப்பு எடுத்துடுச்சு போலிருக்கே,” என்றாள் நடீன், குடைக்குள்ளிருந்து.

“நீ வெளிவேலையில கை வச்சியா?”

“நான் ஏன் வைக்கப்போறேன்? அந்தக் குழாய் குளியலறைச் சுவருக்குள்ள ஏறித்தானே தொட்டிக்கு இறங்குது. உள்பக்கம் ஒரு பலகை இருக்கு. கழட்டினா குழாய்க்கு ஒரு மூடி. அதுல வினிகர் ஊத்தினேன். நாலு நாள் ஊத்தினேன். கிளைடு, நீங்களே சொல்லுங்க, குளியலறைச் சுவர் உள்வேலையா, வெளிவேலையா?”

கிளைடு தீர யோசித்தார். “உள்வேலைதாம்மா.”

“கழிவறை வழியா வீட்டுக்குள்ள பொங்கியிருந்தா?” என்றார் வெர்லின். கடைசியாகக் கிடைத்த துரும்பு அது.

“பொங்காது. கழிவறை மூடி மேல உன் லாடம் நாலையும் அடுக்கியிருக்கேன். நல்ல கனம்.”

அந்த லாடங்களை அவர் ஃபிளானல் துணியில் சுற்றி வைத்திருந்தார். தூரத்தில் மணலில் நட்ட முளை இரண்டும் சாயங்கால வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. வாழ்க்கையில் ஜெயிக்கக் கிடைத்த ஒரே ஒரு கோப்பை. அதுவும் கை நழுவிப்போனது. அழுதால்கூட யாருக்கும் தெரியாது, அவ்வளவு நனைந்திருந்தார். அதுவே அப்போதைக்கு அவருக்கு இருந்த ஒரே வசதி.

“போனா என்ன,” என்று தனக்குத்தானே தேற்றிக்கொண்டார். வேலிக்கு வெள்ளை அடித்தாயிற்று, கூரை சுத்தம் செய்தாயிற்று, கோழிக்கூண்டு இருந்த இடத்துக்கே திரும்பி வந்தாயிற்று. இனி அந்த வீட்டில் செய்வதற்கு என்ன இருக்கிறது? உட்கார்ந்து ஜெல்லி சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம்.

“சரி, விடிஞ்சதும் கிளம்பலாம்,” என்றார், ஈரக் குரலில்.

“கிளம்பியே ஆகணும், கண்ணு,” என்றாள் நடீன். அவர் கை காதுக்குப் போனது. அதற்குள் அவள் சொல்லி முடித்துவிட்டாள்: “அக்கா வீட்டுக் கழிவுத் தொட்டி அடைச்சுக் கிடக்காம். ஆளைக் கூப்பிடப் போனா. நான்தான் வேண்டாம்னுட்டேன், சூட்சுமம் தெரிஞ்சவர் ஒருத்தர் நம்ம குடும்பத்துலயே இருக்காரேன்னு.”